சுறா ஈரலும் மாலைக்கண்ணும்

மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்பு என்னும் சலாபம் கூடிய காலத்தில், தோணிகள் சிப்பிப் பாருக்குப் புறப்படுமுன் ஒரு மனிதர் வந்து சேர வேண்டும். அவர் வராமல் குளியாளிகள் கல்லையும் கயிற்றையும் தொடமாட்டார்கள். அவர் பெயர் கடல்கட்டி. சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டுவது அவர் வேலை. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ இவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார்: எடுத்த முத்தில் பத்தில் ஒரு பங்கு மன்னருக்கு, இருபதில் ஒரு பங்கு மீனைக் கட்டுபவருக்கு. பிறகு ஆட்சிகள் மாறின. கடல்கட்டியின் பங்கு மட்டும் நிற்கவில்லை. ஆங்கிலேய அதிகாரிகள்கூட அவருக்கு உரியதை ஒதுக்கிக் கொடுத்தார்கள். மந்திரத்தில் அவர்களுக்கு நம்பிக்கை வந்துவிடவில்லை. அவர் கரையில் நிற்காவிட்டால் ஒரு ஆளும் கடலில் குதிக்கமாட்டான் என்பது தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

இவ்வளவு செலவழித்து வாயைக் கட்டிய சுறாவின் வயிற்றில், அந்தக் கரையின் பிள்ளைகளுக்கு வேண்டிய ஒரு மருந்து இருந்தது. சுறாவின் ஈரல் அதன் வயிற்றறையில் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டு கிடக்கும் உறுப்பு. தொட்டால் வழுக்கும், அழுத்தினால் எண்ணெய் கசியும். அறுத்துத் துண்டாக்கிப் பானையில் போட்டுக் காய்ச்சினால் மஞ்சள் எண்ணெய் மேலே மிதந்து வரும். நாற்றம் தெருமுனை வரை போகும். அந்த மஞ்சள் எண்ணெயில் இருப்பது வைட்டமின் ஏ. அந்தி சாய்ந்ததும் பார்வை மங்கும் மாலைக்கண்ணுக்கு அதைவிடச் செறிவான இயற்கை மருந்து கிடைப்பது அரிது. கரைக்காரர்கள் மீனெண்ணெயைப் பெரும்பாலும் எதற்குப் பயன்படுத்தினார்கள்? தோணியின் பலகையில் பூசுவதற்கு. உப்புத்தண்ணீரில் மரம் கெடாமல் இருக்கும்.

திருச்செந்தூருக்குத் தெற்கே, மணப்பாட்டுக்குச் சற்று முன்னால் இருக்கிறது குலசேகரன்பட்டினம். குலசை என்றால்தான் பக்கத்து ஊர்க்காரர்களுக்கு உடனே புரியும். மார்க்கோ போலோ வந்த காலத்தில் பாண்டிய நாட்டை ஆண்ட மாறவர்மன் குலசேகரனோடு ஊர்ப்பெயரை இணைத்துச் சொல்வது வழக்கம். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் தேரி என்கிற செம்மணல் மேடு. இடையில் பனை, முருங்கை, உடைமரம். இரண்டு உலகங்கள் தோளோடு தோள் உரசிக்கொண்டு நிற்கும் இடம் இது. கடலில் சாளை, நெத்திலி, சுறா, வாளை. தேரியில் பதநீர், கருப்பட்டி, நுங்கு, பனங்கிழங்கு. பக்கத்து உடன்குடியின் கருப்பட்டிக்கு இப்போது புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பனைச் சர்க்கரையை நம்பி இங்கே ஒரு ஆலை நடந்தது. அதற்காகத் திருச்செந்தூரிலிருந்து குலசை வழியாகத் திசையன்விளை வரை இரண்டடி அகலத் தண்டவாளத்தில் ஒரு சின்ன ரயிலும் ஓடியது.

இந்தச் சாப்பாட்டுத் தட்டைக் கண் மருத்துவர் ஒருவரின் பார்வையில் பார்த்தால் சுவாரசியமாக இருக்கும். சுறா ஈரலில் நேரடியான வைட்டமின் ஏ. முழுதாகத் தின்னும் சிறுமீனிலும் ஈரலோடு சேர்த்துக் கொஞ்சம். முருங்கைக்கீரையில், ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பழைய அட்டவணைப்படி, 100 கிராமுக்கு 6,780 மைக்ரோகிராம் கரோட்டின். அகத்தியில் 5,400. கறிவேப்பிலையில் 7,560, அதை இலையோரம் ஒதுக்கிவைப்பது நம் தேசியப் பழக்கம். ஆவணியில் பழுத்து விழும் பனம்பழத்தைச் சுட்டுப் பிய்த்தால் நார் நாராக வரும் ஆரஞ்சு நிறச் சதை. அந்த நிறமே கரோட்டின்தான். ஆனால் தேரிக்காட்டு வாழ்க்கையின் அச்சாணியான பதநீரிலும் கருப்பட்டியிலும் பனங்கிழங்கிலும் கண்ணுக்கு வேண்டிய இந்தச் சத்து இல்லை. பசிக்கும் உழைப்புக்கும் அவை போதும். பனையேறி விடியலில் ஒரு பட்டை பதநீர் குடித்துவிட்டு மதியம் வரை மரம் மரமாக ஏறி இறங்கினார். அவருடைய பிள்ளையின் கண்ணுக்குப் பனை மட்டும் போதாது.

தட்டில் எல்லாம் இருந்ததாகத் தோன்றும். ஆனாலும் தென் தமிழகம் மாலைக்கண்ணுக்குப் பேர்போன பகுதியாக 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை நீடித்தது. ஏன் என்பதற்கான பதில் ஒரே நாளில் கிடைக்கவில்லை. ஒரு நூற்றாண்டு பிடித்தது.

மாலைக்கண் என்ற சொல்லே துல்லியமானது. பகலில் ஓடியாடும் பிள்ளை, விளக்கு வைக்கும் நேரத்தில் வாசலோடு ஒட்டிக்கொள்ளும். தட்டில் இருக்கும் சோற்றைக் கைதுழாவும். திண்ணையில் கால் இடறும். தாய்க்குத்தான் முதலில் தெரியும். விழித்திரையின் மங்கல் வெளிச்சச் செல்கள் வேலை செய்ய வைட்டமின் ஏ வேண்டும். அது குறைந்தால் முதலில் போவது அந்திப் பார்வை. அடுத்து வெள்ளைவிழி ஈரம் வற்றிச் சுருங்கும். ஓரத்தில் நுரை ஒட்டியது போல ஒரு திட்டு விழும். பிரெஞ்சு மருத்துவர் பியர் பிட்டோ 1863-இல் விவரித்ததால் அதற்கு அவர் பெயர். கடைசிக் கட்டத்தில் கருவிழியே இளகிக் கரைந்துபோகும். மாதக்கணக்கில் மெல்ல வந்த நோய் இந்தக் கட்டத்தைச் சில நாட்களில் முடித்துவிடும். கரைந்த பிறகு எந்த ஈரலும் உதவாது.

ஈரல் உதவும் என்பது ஒன்றும் புதிதல்ல. பழைய எகிப்தியருக்கும் கிரேக்கருக்கும் அது தெரிந்திருந்தது. சுசுருத சம்ஹிதை மாலைக்கண்ணுக்கு ஆட்டீரலைத் திப்பிலியோடு சேர்த்துச் சமைக்கச் சொல்கிறது. கண்ணுக்கென்றே தனி நூல் வைத்திருந்த மரபு சித்த மருத்துவம்; நாகமுனிவர் பெயரில் வழங்கும் நயனவிதி 96 கண்நோய்களைக் கணக்கிடுகிறது. பொன்னாங்கண்ணியும் கரிசலாங்கண்ணியும் கண்ணுக்கு நல்லது என்பது வைத்தியம் பார்க்கும் பாட்டி தொடங்கிச் சந்தைக் கீரைக்காரி வரை எல்லோருக்கும் மனப்பாடம். பொன்னாங்கண்ணியைத் தொடர்ந்து தின்றால் பகலில் நட்சத்திரம் தெரியும் என்று சொன்னவர்களைக் கொஞ்சம் தள்ளுபடி செய்துவிட்டுக் கேட்டாலும், கைமருந்தாகத் தெரிந்த விஷயம் அன்றாடச் சாப்பாடாக மாறவில்லை என்பதுதான் புதிர்.

புதிரின் ஒரு முனை குலசை கோயிலிலேயே இருக்கிறது.

குலசையை இன்று தமிழ்நாடு முழுக்க அறிய வைத்திருப்பது முத்தாரம்மன் கோயில் தசரா. காளி, குறவன், குரங்கு, ராஜா, போலீஸ் என்று வேடம் கட்டிய ஆயிரக்கணக்கான பக்தர்கள் ஊர் ஊராகக் காணிக்கை பிரித்து வந்து கடற்கரையில் சூரசம்ஹாரம் பார்ப்பார்கள். அம்மனின் பெயருக்குச் சொல்லப்படும் விளக்கங்களில் ஒன்று ‘முத்து ஆற்றும் அம்மன்’. இந்த முத்து சிப்பியில் விளைவதல்ல. அம்மை கண்டவரின் உடம்பில் அரும்பும் கொப்புளம். உடம்பில் முத்து வாரிப் போட்டிருக்கிறது என்று மரியாதையோடு சொல்வார்கள். முத்தால் பிழைத்த கரையில் நோய்க்கும் முத்து என்றே பெயர் வைத்தது தற்செயலா என்பதை மொழியறிஞர்கள்தான் சொல்ல வேண்டும். பார்வை திரும்பக் கிடைத்தவர்கள் அம்மன் கோயில்களில் வெள்ளிக் கண்மலர் செலுத்தும் வழக்கத்துக்கும் அம்மைக்கும் தொடர்பு உண்டு. பெரியம்மை தீண்டிய பல பேருக்குக் கண் போனது. சின்ன வயதில் வந்த மணல்வாரி என்கிற தட்டம்மை இன்னும் பல பேரின் கண்ணைக் கொண்டுபோனது.

அம்மை கண்ட வீட்டின் ஒழுங்கு எல்லோருக்கும் தெரிந்தது. வாசலில் வேப்பிலை. அடுப்பில் தாளிப்பு கிடையாது. மீன், கறி, முட்டை வீட்டுக்குள் வராது. பிள்ளைக்குக் கூழ், கஞ்சி, இளநீர். அந்த ஒழுங்கில் நல்லதும் இருந்தது: தனிமை, சுத்தம், உடம்புக்குக் குளிர்ச்சி. ஆனால் மணல்வாரி, உடம்பின் வைட்டமின் ஏ இருப்பைச் சூறையாடும் நோய். இருப்பு கரைந்துகொண்டிருக்கும் அதே வாரங்களில் எண்ணெயும் மீனும் முட்டையும் பத்தியம் என்று தட்டிலிருந்து போயின. ஏற்கெனவே கஞ்சியில் வளர்ந்த பிள்ளைக்கு அது தாங்காது. நீர்தெளித்துத் தலைக்கு ஊற்றும் நாளில் கொப்புளம் ஆறியிருக்கும், கண் போயிருக்கும். அம்மனின் கோபம் என்று அதற்குக் காரணம் சொன்னார்கள். தாய்மார்களைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. அன்றைக்கு ஐரோப்பிய மருத்துவர்களுக்கும் இதைவிட அதிகம் தெரியாது.

அரசாங்கத்துக்கும் தெரியாது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வதைத்த தாது வருஷப் பஞ்சத்தில், நிவாரண வேலைக்கு வந்தவருக்கு நாளுக்கு ஒரு பவுண்டு தானியம் போதும் என்று இந்திய அரசு அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள் நிர்ணயித்தார். சுகாதார ஆணையர் வில்லியம் கார்னிஷ் அது போதாது, பருப்பும் சேர வேண்டும் என்று சண்டை போட்டார். அந்தச் சண்டை கூலித்தொழிலாளியின் சதையையும் எலும்பையும் பற்றியது. சாப்பாட்டை எடைக்கல்லால் அளந்த காலம் அது. எதோடு எதைச் சேர்த்துச் சாப்பிடுவது என்ற கேள்வி இன்னும் பிறக்கவில்லை.

அந்தக் கேள்வி பிறந்தது கடலோரத்தையும் உள்நாட்டையும் ஒப்பிட்டபோது. ஜப்பானில் மசாமிச்சி மோரி 1904-இல், கண் வறண்டு கெடும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பற்றி எழுதினார். அரிசி, வாற்கோதுமை, காய்கறி என்று வாழ்ந்த உள்நாட்டுப் பிள்ளைகள் அவர்கள். மீனவர் வீடுகளில் அந்த நோய் இல்லை. காட் மீனெண்ணெயும் கோழி ஈரலும் கொடுத்தார்; குணமானது. கொழுப்புக் குறைவுதான் காரணம் என்று நினைத்தார். பாதி சரி. முதல் உலகப் போர்க் காலத்தில் டென்மார்க் தன் வெண்ணெயை ஏற்றுமதி செய்துவிட்டு ஏழைப் பிள்ளைகளுக்கு மார்கரின் கொடுத்தது. அங்கேயும் கண்கள் வறண்டன, கார்ல் ப்ளோக் அதைக் கவனித்தார். இதற்கிடையில் 1913-இல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் எல்மர் மெக்காலமும் மார்கரெட் டேவிஸும் வெண்ணெயிலும் முட்டை மஞ்சளிலும் ஒளிந்திருந்த அந்தப் பொருளைப் பிடித்துவிட்டார்கள். பிறகு அதற்கு வைட்டமின் ஏ என்று பெயர் வந்தது.

சென்னைக்கு இது பக்கத்து வீட்டுச் செய்தியாக இருந்தது. எழும்பூர் கண் மருத்துவமனை 1819-இல் தொடங்கியது. உலகின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளில் லண்டன் மூர்ஃபீல்ட்ஸுக்கு அடுத்த இடம் அதற்கு. அதன் கண்காணிப்பாளர் ஆர். இ. ரைட், தென்னிந்தியாவில் கருவிழி இளகும் நோயைப் பற்றி 1922-இல் பிரிட்டிஷ் கண் மருத்துவ இதழில் எழுதினார். குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் 1918-இல் பெரிபெரி ஆய்வாகத் தொடங்கிய சின்னக் கூடம் ஊட்டச்சத்து ஆராய்ச்சிக்கூடமாக வளர்ந்திருந்தது. பின்னாளில் ஐதராபாத் போய்த் தேசிய நிறுவனமானது அதுவே. 1935-இல் அங்கே இயக்குநராக வந்தவர் வாலஸ் அய்க்ராய்ட். இந்திய உணவுகளின் சத்து அட்டவணையை முதன்முதலாகச் சின்னப் புத்தகமாகப் போட்டவர். அவரும் ரைட்டும் சேர்ந்து 1937-இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள்: கருவிழி இளகிய நோயாளிகளுக்குச் சிவப்புப் பாமாயில் கொடுத்துப் பார்த்தது. கரோட்டின் நிறைந்த எண்ணெய். கரோட்டினும் அதை உடம்பில் சேர்க்கும் கொழுப்பும் ஒரே கரண்டியில். பலன் இருந்தது. அந்தப் பாமாயில் ஆப்பிரிக்க எண்ணெய்ப்பனையில் வருவது, குலசைப் பனையில் வருவதல்ல. நம் பனை எல்லாம் தரும், எண்ணெய் மட்டும் தராது.

பிறகு போர் வந்தது. 1940 ஏப்ரலில் ஜெர்மனி நார்வேக்குள் நுழைந்ததும் உலகச் சந்தையில் காட் மீனெண்ணெய் அருகியது. மருத்துவமனைகளில் கண்ணுக்கும் சவலைக்கும் கொடுத்துவந்த புட்டிகள் நின்றுபோயின. சென்னை மாகாண மீன்வளத் துறை அப்போதுதான் சுறாவின் பக்கம் திரும்பியது. அன்று மாகாணத்தில் இருந்த கோழிக்கோட்டில் சுறா ஈரல் எண்ணெய் காய்ச்சும் அரசு ஆலை நடந்தது. சில இனச் சுறாக்களின் ஈரல் எண்ணெயில் காட் எண்ணெயைவிடப் பல மடங்கு வைட்டமின் ஏ இருந்ததால், கடலை எண்ணெயில் கலந்து நீர்க்க வைத்துப் புட்டியில் அடைத்தார்கள். தோணிப் பலகைக்குப் போன எண்ணெயின் உறவுக்காரன், லேபிள் ஒட்டிக்கொண்டு மருந்துக்கடைக்குப் போனான். தன் குழந்தைப் பருவத்தில் மூக்கைப் பிடித்துக்கொண்டு மீனெண்ணெய் விழுங்கிய தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது. அந்த நாற்றத்தைப் பற்றி அவர்களிடம் கேட்டால் ஒரு மணி நேரம் பேசுவார்கள்.

சுறாவின் இந்த ராஜபோகம் நீடிக்கவில்லை. 1947-இல் சுவிட்சர்லாந்தின் ரோஷ் நிறுவனத்தில் ஓட்டோ இஸ்லர் வைட்டமின் ஏயைச் செயற்கையாகத் தயாரித்துக் காட்டினார். ஆலை மருந்து மலிவானது, நாறவில்லை. ஈரல் எண்ணெய்ச் சந்தை சரிந்தது. முத்துக்கும் கிட்டத்தட்ட அதே கதி: மன்னார் வளைகுடாவின் இந்தியப் பகுதியில் கடைசியாகச் சலாபம் கூடியது 1961-இல். கடல்கட்டிகளுக்கும் அதோடு வேலை போனது.

மருந்து மலிவானதும் நோய் போய்விட்டதா? இல்லை. இங்கேதான் குலசை இருக்கும் மாவட்டத்து மனிதர் ஒருவர் கதைக்குள் வருகிறார். எட்டயபுரத்துக்குப் பக்கத்தில் வடமலாபுரத்தில் 1918-இல் பிறந்தவர் கோவிந்தப்ப வெங்கடசாமி. முடக்குவாதம் விரல்களைக் கோணலாக்கிய பிறகும் கண் அறுவை செய்யக் கற்றுக்கொண்டவர். அரவிந்த் கண் மருத்துவமனையை 1976-இல் 11 படுக்கையோடு தொடங்கியவர் என்று ஊரறியும். அதற்கு முன்னால், மதுரை அரசு மருத்துவமனையில் இருந்தபோது அவர் செய்த ஒரு காரியம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. கருவிழி இளகிய பிள்ளைகளை வார்டில் சேர்த்து வைட்டமின் ஏ கொடுத்தால் கண் தேறும். ஊருக்குப் போனால் மறுபடி அதே கஞ்சி. அந்தப் பிள்ளைகளில் பலர் கண் தேறியும் உயிர் தேறவில்லை. 1971-இல் அவர் மதுரையில் ஊட்டச்சத்து மறுவாழ்வு மையம் ஒன்றைத் தொடங்கினார். தானே பார்வையற்றவரான ஜான் வில்சன் நடத்திய ராயல் காமன்வெல்த் பார்வையற்றோர் சங்கம் துணை நின்றது. மையத்தில் பிள்ளையோடு தாயும் தங்க வேண்டும். தங்கி, தன் ஊரில் கிடைக்கும் மலிவான தானியம், பருப்பு, கீரையைத் தானே சமைத்துத் தன் கையால் ஊட்ட வேண்டும். வெளிச்சத்தைப் பார்க்க மாட்டாமல் தாயின் தோளில் முகம் புதைத்துக் கிடந்த பிள்ளை, சில வாரங்களில் தலை நிமிர்ந்து கிண்ணத்தைப் பிடித்து இழுப்பதை அந்தத் தாயே பார்ப்பாள். மருந்தை யாரோ கொடுத்தார்கள் என்ற எண்ணம் போய், தன் சமையல்தான் மருந்து என்பது அப்போது பிடிபடும்.

அந்த மையத்துக்கு ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து ஒரு பெண் வந்து துணை செய்தார். ஆன்டுவானெட் பிரி. கண்ணின் வேதியியலில் பெயர் பெற்ற ஆராய்ச்சியாளர், ஓய்வு பெற்றதும் மிச்ச ஆற்றலை எல்லாம் கீரையில் போட்டவர். கண் வறட்சி பற்றி உலகெங்கும் வேலை செய்தவர்களை இணைக்க ‘ஸீரோப்தால்மியா கிளப்’ என்று ஒரு செய்தி மடலும் நடத்தினார். அவர் கணவர் நார்மன் பிரியும் இலைக்காரர்தான்: இலையிலிருந்து புரதத்தைப் பிழிந்தெடுக்கலாம் என்று வாழ்நாள் முழுக்க வாதாடியவர். சாப்பாட்டு மேசையில் இருவரும் என்ன பேசியிருப்பார்கள் என்று யூகிக்கலாம்.

கீரையை வலியுறுத்தியதில் ஒரு நுணுக்கம் உண்டு. கீரையில் இருப்பது வைட்டமின் ஏ அல்ல, அதன் கச்சாப்பொருளான கரோட்டின். குடலில் அது உறிஞ்சப்படக் கொழுப்பு வேண்டும். வேகவைத்து மசித்தால் இன்னும் நல்லது. அப்படியும் கீரையில் இருப்பது முழுதாக மாறாது. ஆறு பங்கு கரோட்டினுக்கு ஒரு பங்கு வைட்டமின் ஏ என்று முதலில் கணக்குப் போட்டார்கள். 2001-இல் அமெரிக்க மருத்துவ நிறுவனம் அதைப் பன்னிரண்டுக்கு ஒன்று என்று இறக்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் எட்டுக்கு ஒன்று என்று வைத்தது. மாறிய வைட்டமினை ஈரலிலிருந்து கண்ணுக்குச் சுமந்துபோகப் புரதம் வேண்டும், துத்தநாகமும் வேண்டும். ஆகவே பருப்போ மீனோ முட்டையோ இல்லாத வெறும் கீரைக்கும் கண்ணுக்கும் நடுவில் இரண்டு மூன்று சுங்கச்சாவடிகள் இருக்கின்றன.

இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு குலசைத் தட்டுக்குத் திரும்பினால் புதிர் அவிழ்கிறது. பனையேறி வீட்டுக் கொல்லையில் முருங்கை தழைத்து நின்றது, ஆனால் எண்ணெய் விலைகொடுத்து வாங்கும் பண்டம். கீரை உப்போடு வெந்தது. கடற்கரை வீட்டில் கொழுத்த சாளை இருந்தது, ஆனால் கீரை ‘ஆட்டுத் தீனி’. நல்ல மீன் விலைக்குப் போனது. உள்ளூருக்கு வந்த கருவாட்டில் புரதம் பத்திரமாக இருந்தது, ஆனால் வெயில் வைட்டமின் ஏயைத் தின்றுவிட்டது. ஈரலும் குடலும் மணலில் காக்கைக்குப் போயின, அல்லது எண்ணெயாகித் தோணிக்குப் போயின. இரண்டு மைல் தூரத்துக்குள் எல்லாம் இருந்தன. ஒரே தட்டில், ஒரே வேளையில், அதுவும் பால்குடி மறந்த பிள்ளையின் தட்டில் அவை சந்திக்கவில்லை. சந்தித்த சமையலும் இருந்தது, சொல்லாமல் விடக்கூடாது. தேங்காயெண்ணெயில் கடுகும் வெங்காயமும் வதக்கி, உருவிய முருங்கைக்கீரையைப் போட்டுக் கிளறி, வறுத்த நெத்திலியை உதிர்த்துத் தேங்காய்ப்பூ தூவி இறக்குவது. எந்த ஊட்டச்சத்து நிபுணரும் இதற்குமேல் ஒரு திருத்தம் சொல்ல முடியாது.

சமையலைத் திருத்தத் தலைமுறைகள் ஆகும். அரசாங்கங்களால் அவ்வளவு பொறுக்க முடியாது. 1970-இல் இந்திய அரசு ஒன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரண்டு லட்சம் யூனிட் வைட்டமின் ஏ சொட்டு மருந்து கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கியது. தமிழ்நாட்டில் சாப்பாட்டு வழியும் கூடவே நடந்தது: காமராஜரின் மதிய உணவு 1956-இல் வெங்கடசாமியின் ஊருக்குப் பக்கத்து எட்டயபுரத்தில் தொடங்கி, 1982-இல் எம்.ஜி.ஆரின் சத்துணவாக விரிந்தது. அடுத்த பெரிய செய்தி அரவிந்திலிருந்தே வந்தது. லட்சுமி ரஹ்மத்துல்லாவும் துளசிராஜும் மற்றவர்களும் திருச்சி மாவட்டத்தில் 15,419 சிறு பிள்ளைகளை ஓராண்டு பின்தொடர்ந்தார்கள். ஒரு பாதிக்கு வாரம் ஒருமுறை சிறு அளவில், கிட்டத்தட்ட அன்றாடச் சாப்பாட்டில் கிடைக்க வேண்டிய அளவுக்கு, வைட்டமின் ஏயும் ஈயும். மறுபாதிக்கு ஈ மட்டும். முதல் கூட்டத்தில் இறப்பு பாதிக்கும் மேல் குறைந்தது: 54 சதவீதம். 1990-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்தது அந்த முடிவு. கண்ணுக்கென்று கொடுத்தது உயிரைக் காத்தது. மாலைக்கண் என்று நாம் அழைத்தது கண்ணில் மட்டும் இருந்த நோயல்ல என்பது அப்போது எண்ணிக்கையாகத் தெரிந்தது.

இந்த வெற்றி ஒரு பேராசையையும் கிளப்பியது. சத்து மாத்திரைகளைச் சேர்த்துக் கொடுத்தால் முதியவர்களின் கண்புரையையும் தடுக்கலாமே? அரவிந்த் அதையும் சோதித்தது. மதுரைப் பக்கத்துக் கிராமங்களில் 798 பேருக்கு ஐந்து ஆண்டுகள், வாரம் மும்முறை, பீட்டா கரோட்டினும் வைட்டமின் சியும் ஈயும். 2006-இல் வெளிவந்த முடிவு: பலன் இல்லை. புரை தன் வேகத்தில்தான் வளர்ந்தது. ஆனால் புதுச்சேரிப் பகுதியிலும் டெல்லிக்கு அருகிலும் 60 வயது கடந்த 5,638 பேரை ஆராய்ந்தபோது, சாப்பாட்டிலும் ரத்தத்திலும் வைட்டமின் சி நன்றாக இருந்தவர்களுக்குப் புரை குறைவாக இருந்தது. பாதிக்கும் மேற்பட்டோருக்கு அந்தச் சத்து போதவில்லை என்பது அந்த 2011 ஆய்வின் உபசெய்தி. இரண்டு முடிவுகளும் முரண்படுவது போலத் தெரியும். வாழ்நாள் முழுக்க நெல்லிக்காயும் கொய்யாவும் கீரையும் தின்றவரின் கண்ணை, நடுவயதில் ஐந்து வருஷம் விழுங்கிய மாத்திரை பிடித்துவிட முடியாது என்று இதைப் படிப்பதே பொருத்தம்.

கூட்டுச் சத்து உண்மையிலேயே வேலை செய்த இடம் வேறு. வயதான விழித்திரையின் நடுப்பகுதி தேயும் நோய்க்கு அமெரிக்காவில் நடந்த ஏரெட்ஸ் ஆய்வு 2001-இல் வைட்டமின் சி, ஈ, பீட்டா கரோட்டின், துத்தநாகம் சேர்ந்த கலவை நோயின் முற்றலைத் தாமதப்படுத்துகிறது என்று காட்டியது. அந்தக் கலவையில் ஒரு ருசிகரமான விவரம்: துத்தநாகம் அதிகமானால் உடம்பில் தாமிரம் குறையும், அதனால் தாமிரமும் சேர்த்தார்கள். புகைப்பவர்களுக்குப் பீட்டா கரோட்டின் நுரையீரல் புற்றைக் கூட்டியதால் 2013-இல் அதை எடுத்துவிட்டு, கீரையிலும் மக்காச்சோளத்திலும் இருக்கும் லூட்டினையும் ஸியாக்ஸாந்தினையும் வைத்தார்கள். மீனெண்ணெயின் ஒமேகா-3யையும் சேர்த்துப் பார்த்தார்கள்; கூடுதல் பலன் இல்லை. நோய் நடுத்தரக் கட்டத்தை எட்டியவருக்குத்தான் இந்த மாத்திரை. நல்ல கண் உள்ளவர் வாங்கித் தின்றால் மருந்துக்கடைக்காரருக்கு லாபம்.

குலசையில் இப்போது ஒன்பதாவது மாதத் தட்டம்மை ஊசியோடு பிள்ளைக்கு ஒரு லட்சம் யூனிட் வைட்டமின் ஏ கரண்டியில் போகிறது. கருவிழி இளகிய பிள்ளையை இளம் கண் மருத்துவர்கள் பாடப்புத்தகப் படத்தில்தான் பார்த்திருப்பார்கள். இந்தக் கரையின் கண்ணுக்கு இன்றைய எதிரி பஞ்சம் அல்ல, சர்க்கரை. சென்னையில் நடந்த ஆய்வு ஒன்றில் நீரிழிவு உள்ளவர்களில் 17.6 சதவீதம் பேருக்கு விழித்திரை பாதித்திருந்தது. கருப்பட்டி இயற்கையானது, சர்க்கரைக்காரருக்கு ஒன்றும் செய்யாது என்ற நம்பிக்கை உடன்குடிச் சந்தையில் அசைக்க முடியாமல் உட்கார்ந்திருக்கிறது. ரத்தத்தில் ஏறும்போது அதுவும் சர்க்கரைதான்.

பத்தியமும் போகவில்லை, இடம் மாறியிருக்கிறது. புரை அறுவை முடிந்து பச்சைக் கண்ணாடியோடு வீடு திரும்பும் முதியவர்கள் மீனையும் கருவாட்டையும் முட்டையையும் மாதக்கணக்கில் ஒதுக்கிவைக்கிறார்கள். கண்ணில் சீழ் பிடிக்கும் என்ற பயம். அதனால் இந்தப் பக்கத்துக் கண் மருத்துவமனைகளில் வீட்டுக்கு அனுப்பும் நாளன்று சொட்டு மருந்துக்கு அடுத்தபடி விளக்க வேண்டியிருப்பது சாப்பாடுதான். பேச்சு ஏறக்குறைய இப்படிப் போகும்:

“ஏம்மா, கருவாடு சேக்கலாமா?”

“எல்லாம் சாப்பிடுங்க ஆச்சி. மீன், முட்டை, முருங்கைக்கீரை எதையும் ஒதுக்காதீங்க.”

“புளி?”

“புளியும் சாப்பிடலாம்.”

ஆச்சிக்கு நம்பிக்கை வரவில்லை. பக்கத்தில் நிற்கும் மகளைப் பார்க்கிறார். பிறகு கொஞ்சம் துணிந்து, “அப்ப கருப்பட்டிக் காப்பி குடிக்கலாம்லா?” என்கிறார்.

செவிலி கையில் இருக்கும் தாளைத் திருப்பி, ரத்தச் சர்க்கரை எழுதியிருக்கும் கட்டத்தில் விரலை வைக்கிறார்.